பீரோவுக்குப் பின்னால் இருந்த நீலம்

எங்கள் வீட்டு மேற்கு அறைச் சுவரில் மூன்று நீலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. அடியில் இருந்தது என் மனைவி கேட்டது. மேலே இருந்த இரண்டும் நான் அடம்பிடித்து அடிக்கவைத்தவை. அவை எப்படி வந்தன என்று ஊரில் பலருக்குத் தெரியும்; ஆனால் அது நான் சொல்லித் தெரிந்தது. நான் சொன்னது தவறு. அந்தத் தவறால் ஒரு பெயிண்டருக்கு இரண்டு வருடம் இந்தப் பக்கத்தில் வேலை இல்லாமல் போனது. அதைத்தான் எழுதுகிறேன்.

பாகூர் கொம்யூன் பஞ்சாயத்தில் கரும்பு வயல்களை ஒட்டிய வீடு எங்களுடையது. மேற்குச் சுவருக்கு அந்தப் பக்கம் நிழலுக்கு ஒரு மரம்கூடக் கிடையாது. மத்தியானம் மூன்று மணிக்கு மேல் சுவரில் கை வைத்தால் சுடும். குளியலறை அந்த அறையோடு சேர்ந்திருப்பதால், மூட்டு வலிக்கும் என் மனைவிக்கு அதை விட்டால் வேறு வசதியான இடமில்லை. சித்திரை மாதத்தில் ஈரத்துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கட்டிலில் படுத்தபடி சுவரைத் திட்டுவாள். சுவர் சந்தன நிறம். வீடு கட்டிய நாளிலிருந்து சந்தன நிறம்தான். அழுக்குத் தெரியாது என்று நான் தேர்ந்தெடுத்தது. ஒவ்வொரு பொங்கலுக்கும், "இந்த வாட்டியாவது மாத்துங்களேன்" என்பாள். நான் கடைக்குப் போய் அதே சந்தனத்தை வாங்கிக்கொண்டு வருவேன்.

மூன்று வருடத்துக்கு முன்பு அபிஷேகப்பாக்கத்தில் ஒரு வளைகாப்புக்குப் போய்விட்டு வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் ஆரம்பித்தாள்.

"அந்த வூட்டு ரூம்ல லேசா ஒரு நீலம் அடிச்சிருக்காங்க. உள்ள நொழஞ்சதும் மண்பானைத் தண்ணில மூஞ்சி கழுவுன மாதிரி இருந்துச்சுங்க. எனக்கு அந்தக் கலருதான் வேணும்."

"நீலம் ஆஸ்பத்திரிக்கு அடிக்கிற கலர்," என்றேன்.

"ஆஸ்பத்திரில அடிக்கறது பச்ச. உங்களுக்கு இன்னா தெரியும்?"

அந்த வாக்குவாதம் இரண்டு நாள் நடந்தது. கடைசியில் ஒப்புக்கொண்டேன். ஆனால் வேலை முழுவதையும் நான் கூடவே நின்று பார்ப்பேன் என்று சொன்னேன். "நின்னுக்கோங்க, வாயத் தொறக்காம நில்லுங்க," என்றாள். அதை நான் கேட்டிருக்கலாம்.

பாகூர் கடைத்தெருவில் பாய் ஒருவர் பெயிண்ட் கடை வைத்திருக்கிறார். அட்டைப் புத்தகத்தை விரித்து வைத்தார். சின்னச் சின்னக் கட்டங்களாக நூற்றுக்கணக்கான நிறங்கள். என் மனைவி நீலப் பக்கத்தைத் திருப்பி ஒரே நிமிடத்தில் விரலை வைத்தாள். நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தேன்.

"வரிசைல எல்லாமே ஒண்ணாத்தான இருக்கு," என்றேன்.

பாய் சிரித்தார். "ஆம்பளைங்களுக்கு மொத்தம் நாலு கலருதான் சார் தெரியும். எங்க வூட்லயும் இதே பேச்சுதான்."

நானும் சிரித்தேன். அவர் வெள்ளை வாளியை இயந்திரத்தின் கீழ் வைத்தார். மெல்லிய குழாய்களிலிருந்து சாயம் சொட்டுச் சொட்டாக விழுந்தது. மூடியை அடைத்து இன்னொரு இயந்திரத்தில் மாட்டிக் குலுக்கிக் கொடுத்தார். அபிஷேகப்பாக்கத்து அறைக்கு அடித்த பெயிண்டரையே வரச்சொல்லி என் மனைவி ஏற்பாடு செய்திருந்தாள். குருவிநத்தத்துக்காரர். நாற்பது வயதைத் தாண்டியவர், அதிகம் பேசாதவர், வேலை செய்யும்போது வாய்க்குள் ஏதோ பாட்டை முணுமுணுப்பவர்.

அவர் பழைய சந்தனத்தைச் சுரண்டினார், பட்டி பூசித் தேய்த்தார், ப்ரைமர் அடித்தார். நான் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் காலை வங்கிக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் சுவர் அப்படியே இருந்தது.

"இன்னாபா, ப்ரைமரோட நிறுத்திட்டியா? கலர் எப்ப அடிப்ப?"

அவர் ரோலரைக் கீழே வைத்தார். "அடிச்சாச்சு சார்."

"எத்த?"

"நீலத்த."

"எங்க நீலம்?"

அவர் சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கதவோரம் நின்ற என் மனைவியைப் பார்த்தார். "அம்மா, நீங்களே சொல்லுங்க."

"ரொம்ப நல்லா இருக்குபா. இப்பவே பாதி சூடு கொறஞ்ச மாதிரி இருக்கு."

"சாம்பலக் கரச்சிப் பூசுன மாதிரி இருக்கு," என்றேன். இருவரும் சேர்ந்து என்னைக் கேலி செய்கிறார்கள் என்று எனக்கு எரிச்சல். அவர் காயட்டும் என்றார். காய்ந்தது. சாம்பல் காய்ந்த சாம்பல் ஆயிற்று.

நான் பள்ளியில் முப்பது வருடம் இயற்பியல் நடத்தியவன். சோதித்துப் பார்க்காமல் எதையும் சொல்லக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொன்னவன். ஆகவே கடையில் போய் அட்டைப் புத்தகத்தை இரவல் வாங்கிவந்து சுவரோடு ஒட்டிவைத்துப் பார்த்தேன். அட்டையும் சுவரும் ஒரே நிறமாக இருந்தன. இரண்டும் எனக்குச் சாம்பல். நீலம் என்று பெயர் எழுதிய கட்டமே ஒருவனுக்குச் சாம்பலாகத் தெரிந்தால், கோளாறு எங்கே என்று பத்தாம் வகுப்புப் பையன்கூட நொடியில் சொல்லிவிடுவான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அட்டையும் வெளுத்துப்போச்சு" என்று சொன்னேன். இப்போது நினைத்தாலும் என் தலையில் நானே அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

"உங்க கண்ணத்தான் மொதல்ல காட்டணும்," என்றாள் மனைவி. அதை நான் வசவாக எடுத்துக்கொண்டேன்.

மறுபடியும் கடைக்குப் போனேன். மெஷின் தப்புப் பண்ணாது சார் என்றார் பாய். சரி, கடையில் போட்ட நீலம் நீலம்தான். சுவரில் நீலம் இல்லை. அப்படியானால் கடைக்கும் சுவருக்கும் நடுவில் யாரோ அதைத் தொலைத்திருக்கிறார்கள் என்று கணக்குப் போட்டேன். நடுவில் இருந்தவர் ஒரே ஒருவர்தான்.

"பாதி பெயிண்ட வேற வேலைக்கு எடுத்துனு போயிட்டு, இதுல வெள்ளைய ஊத்திக் கலந்துட்டியா?"

அவர் வாயில் இருந்த பாட்டு நின்றது. பிறகு, "இந்தத் தொழிலுக்கு வந்து இருவது வருசம் ஆவுது சார். இப்டி ஒரு வார்த்த யாரும் கேட்டதில்ல," என்றார். காலி வாளியைக் கொண்டுவந்து விரலால் அடியை வழித்து, கீழே கிடந்த செய்தித்தாளின் ஓரத்தில் ஒரு கோடு இழுத்தார். "இப்ப பாருங்க. தெரியுதா, இல்லியா?"

"பேப்பரே அழுக்கு," என்றேன்.

என் மனைவி பின்னாலிருந்து, "ஐயோ கடவுளே, இந்த மனுசன..." என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள்.

நான் நீல ஸ்டெய்னர் புட்டிகள் வாங்கிவந்தேன். வெள்ளை பெயிண்டில் சாயம் கலக்கும் சின்னப் புட்டிகள் அவை. என் கண்ணெதிரே ஊற்றச் சொன்னேன். இரண்டாவது பூச்சு எனக்கு லேசாகப் பச்சை தட்டியது. இன்னும் ஊற்று என்றேன்.

"சார், சொன்னாக் கேளுங்க. நல்லவாட்டுல மீன் புடிக்கிற போட்டுக்கு அடிப்பாங்களே, அந்த நீலமா ஆயிடும். ரூம்ல மனுசங்க படுக்கணும் சார்."

"ஆவட்டும்பா. ஊத்து."

மூன்றாவது பூச்சு முடிந்ததும் நான் திருப்தியோடு தலையசைத்தேன். "இதுதான் நாங்க கேட்டது. எளசா, குளுகுளுன்னு," என்றேன். அவர் ஏணியை மடக்கினார். மூலையில் இருந்த கனமான ஸ்டீல் பீரோவை முதல் பூச்சுக்கு ஒற்றையாளாக இழுத்துப் போட்டுத் திரும்பத் தள்ளிவைத்தவர், அடுத்த இரண்டு பூச்சுக்கும் அதைத் தொடவே இல்லை. கவனித்தேன். அதையும் ஒரு குற்றமாக மனதில் குறித்துக்கொண்டேன். போகும்போது என் மனைவியிடம், "என்ன மன்னிச்சிருங்கம்மா," என்றார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலமே மனைவி மடக்குக் கட்டிலைக் கூடத்துக்கு இழுத்துப் போட்டாள். "நாலு மணிக்கே அந்த ரூம்ல இருட்டிக்கினு வருது. கெணத்துக்குள்ள படுத்த மாதிரி இருக்கு. நீங்களே படுத்துக்கோங்க." அதன்பின் இரண்டு வருடம் அவள் கூடத்தில் படுத்தாள். குளியலறைக்கு ஒவ்வொரு முறையும் சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து போனாள். நான் அந்த அறையில் மின்விசிறியைப் போட்டுக்கொண்டு, வேண்டுமென்று கேட்டு வாங்கிய நிறத்தில் படுக்க மாட்டேன் என்கிறாளே, என்ன பிடிவாதம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதோடு போயிருந்தால் வீட்டுக்குள் நடந்த முட்டாள்தனமாக முடிந்திருக்கும். நான் டீக்கடைக்குப் போனேன். தினமும் காலையில் போகிறவன்தான். வீட்டு வேலை முடிஞ்சிச்சா சார் என்று யாரோ கேட்டார்கள். சொன்னேன். பெயிண்டைத் திருடிவிட்டு வெள்ளையைக் கலந்தான், நான் கண்டுபிடித்து இரண்டு தடவை திருப்பி அடிக்கவைத்தேன் என்று சொன்னேன். வந்து சுவரைப் பார்த்தவர்கள் அந்த அடர்ந்த நீலத்தைக் கண்டு, "ஏ அப்பா! சார் உட மாட்டாரு!" என்றார்கள். நிறத்தைப் பாராட்டுகிறார்கள் என்று நான் நினைத்தேன். சொல்லச் சொல்ல கதை எனக்கே பிடித்துப்போயிற்று. ஒரு வாரத்தில் அதில் அவர் திருட்டு முழி முழித்ததையும் சேர்த்திருந்தேன். அப்படி எதுவும் நடக்கவில்லை.

என்னிடம் படித்த ஒருவர் அபிஷேகப்பாக்கத்தில் பெரிதாக வீடு கட்டிக்கொண்டிருந்தார். அந்த வீட்டுப் பெயிண்ட் வேலை முழுவதும் குருவிநத்தத்துக்காரருக்கு என்று பேசி வைத்திருந்தார். ஆள் எப்படி என்று அந்த மாணவர் எனக்குப் போன் செய்து கேட்டார். "வேணாம்பா, கை சுத்தமில்ல," என்றேன். மூன்றே வார்த்தை. ஓய்வுபெற்ற வாத்தியார் சொன்னால் எங்கள் பக்கத்தில் யாரும் மறுபடி விசாரிக்க மாட்டார்கள். வேலை வேறு ஆளுக்குப் போனது. அதற்கடுத்த வேலையும் போனது. பெயிண்டர் தினமும் கடலூருக்கு வண்டியில் போய் யாரோ ஒரு மேஸ்திரிக்குக் கீழே நாள்கூலிக்கு நிற்கிறார் என்று பிறகு கேள்விப்பட்டேன். நான் சொன்னது சரியாகப் போயிற்று என்றுகூட அப்போது நினைத்தேன்.

போன வருடம் பஸ்ஸின் பலகை தெரியாமல் பாகூருக்குப் பதிலாக வில்லியனூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். அதன்பிறகுதான் கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருந்தது. இது எனக்குப் புதிய செய்தியல்ல. சுவருக்குப் பெயிண்ட் அடிப்பதற்கும் முந்தின வருடமே, பள்ளியில் நடந்த கண் முகாமில் ஒரு பெண் டார்ச் அடித்துப் பார்த்து, "ரெண்டு கண்லயும் புரை இருக்குய்யா" என்று சொன்னாள். "நான் தினம் பேப்பர் படிக்கிறேம்மா" என்று அவளுக்கு விளக்கம் சொல்லிவிட்டு எழுந்து வந்திருந்தேன். வீட்டிலும் அதைச் சொல்லவில்லை.

முதலில் வலது கண்ணில் அறுவை செய்தார்கள். மறுநாள் கட்டை அவிழ்த்து, கறுப்புக் கண்ணாடி மாட்டி, குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து மேற்கு அறையில் கட்டிலில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றினேன்.

அப்படி ஒரு நீலத்தை நான் வீட்டுக்குள் எங்கும் பார்த்ததில்லை. நல்லவாட்டில் கரையேற்றி வைத்திருக்கும் போட்டுக்குள் தலையை விட்ட மாதிரி இருந்தது. வலது கண்ணை மூடி, அறுவை செய்யாத இடது கண்ணால் பார்த்தேன்: இளநீலம். இடதை மூடி வலதால் பார்த்தேன்: போட்டு. மாற்றி மாற்றிப் பார்த்தேன். புரை வந்த கண்ணின் லென்ஸ் பழுப்பேறிக் கிடக்கும், அது முதலில் தடுத்து நிறுத்துவது நீல ஒளியைத்தான். இது எனக்குத் தெரியாத பாடமா? வடிகட்டிக் கண்ணாடி வைத்து எத்தனை வகுப்புக்கு நடத்தியிருக்கிறேன்!

பீரோ நினைவுக்கு வந்தது. எழுந்து அதன் பக்கவாட்டில் கைகொடுத்து இழுக்கப் பார்த்தேன்.

"ஆபரேசன் பண்ண கண்ண வெச்சிகினு இன்னா பண்றீங்க?" என்று மனைவி கத்திக்கொண்டே வந்தாள்.

"பின்னால பாக்கணும்."

"எலி கிலி செத்துக் கெடக்குதா?"

"நீ கேட்ட நீலம் கெடக்குது."

அவள் ஒரு நிமிடம் என்னையே பார்த்தாள். பிறகு செல்போன் விளக்கைப் போட்டு, பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த சந்தில் நீட்டினாள். நான் வலது கண்ணைச் சந்தில் வைத்துப் பார்த்தேன். விடியற்காலையில் வெளிச்சம் வருவதற்குச் சற்று முன்பு ஆற்றுத் தண்ணீர் ஒரு நிறத்தில் இருக்குமே, அந்த நிறம். அது முழுக்க முழுக்க நீலம்தான். அதில் வெள்ளை கலப்படம் எதுவும் இல்லை.

"அவரு திருடல," என்றேன்.

"அது எனக்கு அன்னிக்கே தெரியும்."

"ஏன் சொல்லல?"

"சொன்னேனே! நாலு வாட்டி சொன்னேன்! காதுலயும் புரையா உங்களுக்கு?"

மருந்து விடும் நாட்கள் முடியட்டும் என்று பத்து நாள் தள்ளிப்போட்டேன். மருந்துக்காக இல்லை, போக வெட்கமாக இருந்தது. பிறகு ஆட்டோ பிடித்துக் குருவிநத்தம் போனேன். ஞாயிற்றுக்கிழமை, வீட்டு வாசலில் பிரஷ்களைக் கழுவிக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். கண் விஷயம், பீரோ விஷயம், நான் செய்தது, எல்லாம். நாற்காலி போடச் சொல்லவில்லை. கழுவுவதை நிறுத்தவும் இல்லை.

"அத்த ஏன் சார் எங்கிட்ட சொல்றீங்க? நான் திருடலன்னு எனக்குத் தெரியாதா?" என்றார். "எங்க சொன்னீங்களோ, அங்க போய் சொல்லுங்க."

மறுநாள் டீக்கடையில் சொன்னேன். பொய்யை ஒரு வாரத்தில் ஊர் முழுக்கக் கொண்டுபோன அதே மனிதர்கள், உண்மையைக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்கள். "சாருக்கு எளகின மனசு," என்றார் ஒருவர். "வந்து கையக் கால புடிச்சிருப்பான்," என்றார் இன்னொருவர். இல்லையய்யா, என் கண்தான் கெட்டிருந்தது என்றேன். "கண்ணு கெட்டிருந்தும் கண்டுபுடிச்சீங்க பாருங்க, அதான் சார் வெஷயம்!" எனக்கு அழுகை வராத குறை. அபிஷேகப்பாக்கத்து மாணவருக்குப் போன் செய்தேன். கிரகப்பிரவேசம் முடிந்து ஒரு வருடம் ஆகிறது. "உடுங்க சார், அதெல்லாம் பழைய கத," என்றார்.

மறுபடி குருவிநத்தம் போனேன். சொன்னேன், யாரும் நம்பவில்லை என்றேன். "நம்ப மாட்டானுங்க," என்றார், ஏற்கெனவே தெரிந்ததுபோல. அறைக்கு அந்தப் பழைய நீலத்தையே அடித்துத் தர வேண்டும் என்று கேட்டேன். அவர் சொன்னார்: "அம்மாவுக்காக வரேன். ஆனா நான் வேல செய்யறப்ப நீங்க வூட்ல இருக்கக் கூடாது."

இந்த வருடம் மாசியில் நான்கு நாள் வேலை நடந்தது. நான்கு நாளும் பகல் முழுவதும் கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஏன் சார் வீட்டுக்குப் போகலையா என்று கேட்டவர்கள் எல்லோருக்கும் ஆதியோடந்தமாகச் சொன்னேன். இரண்டாம் நாளிலிருந்து கேட்பதை நிறுத்திவிட்டார்கள். நான் கேட்காமலே சொன்னேன். கடைக்காரர், "சார், கஸ்டமரு பயப்படறாங்க," என்றார்.

நாலாம் நாள் சாயங்காலம் கூப்பிட்டனுப்பினார்கள். போனபோது மனைவி தன் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். வெயில் சுவருக்கு அந்தப் பக்கம் காய்ந்துகொண்டுதான் இருந்தது. பெயிண்டர் கை துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"கலர் செரியா சார்?"

"எனக்கு இன்னொரு கண் பாக்கி இருக்கு. அம்மாவக் கேளு."

அவர் சிரிக்கவில்லை. பையிலிருந்து செல்போனை எடுத்தார். "சார், அந்த செவுத்துக்கு முன்னாடி நில்லுங்க. டீக்கடைல சொன்னத இதுல சொல்லுங்க. ஸ்டேட்டஸ்ல போடறேன். உங்க ஸ்டூடண்ட் நெறைய பேரு நம்பரு எங்கிட்ட இருக்கு. அர நிமிசந்தான், அதுக்கு மேல எவனும் பாக்க மாட்டான்."

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, மனிதக் கண்ணின் லென்ஸ் எப்படி ஒளியை வடிகட்டுகிறது என்பதில் ஆரம்பித்தேன். "நிறுத்துங்க, நிறுத்துங்க," என்றார். "பாடம் எடுக்காதீங்க சார். நேரா வெஷயத்துக்கு வாங்க."

இரண்டாவது தடவை, ஒரு தவறு நேர்ந்துவிட்டது என்று தொடங்கினேன். கட்டிலிலிருந்து மனைவி குறுக்கிட்டாள். "அதுவா நேந்துச்சு? நீங்க சொன்னதுதான!"

"அம்மா சொல்றது செரி. இன்னொரு வாட்டி சார்."

மூன்றாவது தடவை சரியாகத்தான் சொன்னேன் என்று நினைத்தேன். அவர் போனைத் திருப்பிப் போட்டுப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். "மூஞ்சியே தெரியல சார். கண்ணாடிய கழட்டுங்க. யாரு சொல்றாங்கன்னு தெரிய வேணாமா? இன்னொரு வாட்டி."

எனக்கு எரிச்சலாக வந்தது. எத்தனை தடவைதான் என்று கேட்க வாயெடுத்தேன். என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். நான் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அந்தச் சுவரின் முன்னால் நிமிர்ந்து நின்று, முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

"இவர் திருடவில்லை. திருடினார் என்று சொன்னது நான்..."